பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி: வேலைக்குப் போகும் பெற்றோர் எதை வாங்கலாம்?

ஏழு மணிக்கு வீடு திரும்பி, எட்டரைக்குள் சாப்பாட்டை முடித்து, ஒன்பதரைக்குக் குழந்தையைத் தூங்கவைக்க வேண்டிய வீட்டில் விளையாட்டுக்கென்று கிடைப்பது இருபது நிமிடம்தான். அந்த நேரத்தில் செல்போனைக் கையில் கொடுத்துவிடக் கூடாது என்று எல்லாப் பெற்றோரும் நினைக்கத்தான் செய்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. மனம் இருந்தும் பல வீடுகளில் இது நடக்காமல் போவதற்கு, வாங்கிவைத்த விளையாட்டுச் சாமான் அந்த இருபது நிமிடத்துக்குள் அடங்காததே காரணம். எடுத்து விரிக்கப் பத்து நிமிடம், விதி சொல்லப் பத்து நிமிடம் என்று போனால் ஆடுவது எப்போது?

ஆகவே கடைகளில் கிடைக்கும் நம்மூர் ஆட்டப் பலகைகளை மூன்றே கேள்விகளை வைத்து எடை போடுகிறோம். குழந்தை தானே எடுத்து அடுக்கிவைக்க முடியுமா? இருபது நிமிடத்தில் ஓர் ஆட்டம் முடியுமா, முடியாவிட்டால் அப்படியே வைத்து நாளைக்குத் தொடரலாமா? பெரியவர் நடுவில் எழுந்துபோய்க் குக்கரை இறக்கிவிட்டு வந்தால் ஆட்டம் கெடுமா? விலையும் அழகும் அதற்கப்புறம்தான். இந்த மூன்றிலும் முதலில் தேறுவது மடிப்புப் பல்லாங்குழி. ஆனால் குறையுள்ள பலகைகளும் கடைகளில் நிறைய இருப்பதால் பார்த்து வாங்க வேண்டும்.

பலகையில் பார்க்க வேண்டியது

ஒரே மரத்தில் குடைந்த பலகை, நடுவில் கீல் வைத்து மடிக்கும் பலகை, பிளாஸ்டிக் பலகை என மூன்று வகை கிடைக்கின்றன. ஒரே மரப் பலகை கனமாக இருக்கும், ஆடும்போது நகராது, பல வருடம் உழைக்கும். அதன் சங்கடம் இடம்தான். முழ நீளத்துக்கு மேல் இருப்பதால் பரணுக்குப் போய்விடும், பரணுக்குப் போன பலகை வார நாளில் இறங்கி வராது. பிளாஸ்டிக் நூறு, இருநூறு ரூபாயில் கிடைக்கும், ஆனால் குழி ஆழமில்லாமல் காய் துள்ளி வெளியே விழும். டைல்ஸ் தரையில் பலகை வழுக்கிக்கொண்டே போகும். ஏற்கெனவே பிளாஸ்டிக் பலகை வாங்கிவிட்டீர்கள் என்றால் அடியில் ஈரத் துணியை விரித்து ஆடுங்கள், வழுக்கல் நின்றுவிடும்.

மடிப்புப் பலகையில் ஓர் அரைக்கு ஏழு குழி. மூடினால் அதுவே காய் வைக்கும் பெட்டி. குழந்தை ஒரே கையால் தூக்கிவர முடிகிறது என்பதால்தான் இதற்கு முதலிடம் கொடுக்கிறோம். இதில் கெட்டுப்போகும் இடம் கீல். மெல்லிய பலகையில் குட்டி ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருப்பார்கள். குழந்தை பலகையை விரித்து, தட்டையாகப் படியட்டும் என்று மேலே அழுத்தும்போது ஸ்க்ரூ மரத்தைக் கிழித்துக்கொண்டு வரும். வாங்கும்போதே விரித்துத் தரையில் வையுங்கள். இரண்டு பாதியும் ஒரே மட்டத்தில் உட்கார வேண்டும். நடுவில் கூடாரம் போலத் தூக்கி நின்றால் கீல் தப்பாகப் பொருத்தப்பட்டிருக்கிறது, அதை வாங்க வேண்டாம். நடு இடுக்கில் ஒரு புளியங்கொட்டை நுழைகிறதா என்றும் பாருங்கள். நுழைந்தால் ஒவ்வோர் ஆட்டத்திலும் இரண்டு காய் காணாமல் போகும். ஸ்க்ரூ தளர்ந்துவிட்ட பலகையைத் தூக்கிப் போட வேண்டாம்: ஸ்க்ரூவைக் கழற்றி, ஓட்டைக்குள் ஃபெவிகால் தடவிய தீக்குச்சித் துண்டை இறுக்கமாகச் செருகி, ஒரு ராத்திரி காயவிட்டு, மறுபடி முடுக்கினால் பிடித்துக்கொள்ளும்.

குழியின் அளவைக் கடையில் பெரும்பாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஐந்து வயதுக் குழந்தைக்குக் குழியின் குறுக்களவு 5 செ.மீ., ஆழம் 2 செ.மீ. பக்கம் இருந்தால் சௌகரியம். ஆட்டத்தின் நடுவில் ஒரே குழியில் பன்னிரண்டு, பதினைந்து காய்கூடச் சேரும். அப்போது குவிந்து பக்கத்துக் குழிக்குள் சரியக் கூடாது. அதேசமயம் குழியின் பக்கச் சுவர் செங்குத்தாக இருந்தால் சின்ன விரலால் கடைசிக் காயை அள்ள முடியாது. கிண்ணம் மாதிரி உருண்டு இறங்கும் குழிதான் வேண்டும்.

இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு துண்டுப் பஞ்சை வைத்து அழுத்தித் தேயுங்கள். நார் சிக்கினால் அங்கே சிராய் இருக்கிறது. முதலில் 120 நம்பர் உப்புத்தாள், பிறகு 220 போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும். அடுத்து, வெள்ளைத் துணியை நனைத்துப் பலகையின் மேல் அழுத்தித் துடையுங்கள். சாயம் ஒட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் வாயில் வைக்கும் வயதில் இன்னொரு குழந்தை இருந்தால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், மத்திய அரசின் கைவினைத் துறையில் பதிவு செய்த கைவினைஞர்களின் படைப்புகளுக்கு விலக்கு உண்டு. பிளாஸ்டிக் சாமானில் முத்திரை இல்லையென்றால் வாங்காதீர்கள். கைவினை மரப் பலகையில் இல்லாததை மட்டும் வைத்து ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

காய்: சோழியா, புளியங்கொட்டையா?

பலகையோடு பெரும்பாலும் சோழி தருகிறார்கள். பார்க்க அழகு, விழும் சத்தமும் நன்றாக இருக்கும். ஆனால் பெரிய சோழி ஏழெட்டுச் சேர்ந்தாலே குழி நிரம்பிவிடும். புளியங்கொட்டைதான் எங்கள் தேர்வு. கழுவி, ஒட்டியிருக்கும் நாரை எடுத்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். சரியாகக் காயாத கொட்டையில் வண்டு விழும். ஓட்டை போட்ட கொட்டையைக் கண்டால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாக எடுங்கள். ஆட்டத்துக்கு 70 வேண்டும், 80 எடுத்துவையுங்கள்.

மஞ்சாடி விதை முழுச் சிவப்பாக, வழவழப்பாக இருக்கும். விரலிலிருந்து நழுவும் என்பதால் ஆறு வயதுக்கு மேல் கொடுக்கலாம். அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது குன்றிமணி, சிவப்பு உடம்பில் கறுப்புப் பொட்டு இருப்பது. அதனுள் ஆப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. தோல் உடைந்தோ, மெல்லப்பட்டோ, மணி கோக்கத் துளையிடப்பட்டோ வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அலங்காரக் காய் என்று பையில் போட்டுக் கொடுத்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். ஆமணக்கு விதையும் அப்படித்தான், ஆட்டக் காயாக வீட்டுக்குள் வரவே கூடாது.

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தை கையெட்டும் இடத்தில் எந்தக் காயும் கூடாது. தொண்டையில் அடைக்கக்கூடிய சாமானைக் கண்டுபிடிக்கத் தரச் சோதனையில் 31.7 மி.மீ. அகல உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்குவது எல்லாமே ஆபத்து. நம் பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. அதைவிடச் சற்றுப் பெரியதுகூட அந்த உருளைக்குள் போய்விடும் என்பதை மனதில் வையுங்கள். விதையை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயது நான்கு வரைகூட நீளும், ஈரத்தில் விதை ஊறிப் பெருத்தால் எடுப்பது சிரமம். ஆடி முடித்ததும் எண்ணி வைக்கும் பழக்கம் இதற்காகவும்தான்.

முதல் வாரம் எப்படி ஆடுவது

பலகையோடு வரும் விதித்தாளில் பல படித்தால் புரியாது. சிலதில் பாதி விதியே இருக்காது. பாட்டி வீட்டு விதி ஒன்று, தாளில் ஒன்று என்று இருந்தால் குழந்தை முன்னால் வாக்குவாதம் வரும். ஆட்டம் தொடங்குமுன் ஒரு விதியை முடிவு செய்து, சீட்டில் எழுதி, பலகையின் அடிப்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

எளிய விதி இது. குழிக்கு 5 வீதம் 14 குழியிலும் காய் போடுங்கள். உங்கள் வரிசையில் ஏதாவது ஒரு குழியை அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போங்கள். கைக்காய் தீர்ந்ததும் அதற்கடுத்த குழியை அள்ளித் தொடருங்கள். அந்தக் குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்து, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அத்துடன் முறை முடிந்தது. அடுத்தடுத்து இரண்டு குழி வெறுமையாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது. ஏதாவது குழியில் சரியாக 4 காய் சேர்ந்தால் அது பசு. அந்தக் குழி யார் பக்கமோ அவர் எடுத்துக்கொள்ளலாம்.

விதி சரியாகப் புரிந்ததா என்று பார்க்க ஒரு கணக்கு சொல்கிறோம். உங்கள் வரிசையை இடமிருந்து வலமாக 1 முதல் 7 என்றும், எதிர் வரிசையை வலமிருந்து இடமாக 8 முதல் 14 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆட்டமே 1-ஆம் குழியை அள்ளுங்கள். 6-ஆம் குழியில் கை தீரும். 7-ஐ அள்ளினால் 12-இல் தீரும். 13-ஐ அள்ளினால் 4-இல் தீரும். 5-ஐ அள்ளினால் (அதில் இப்போது 6 இருக்கும்) 11-இல் தீரும். 12-ஐ அள்ளினால் மறுபடி 4-இல் தீரும். 5 வெறுமை. துடைத்து 6-ஆம் குழியைப் பார்த்தால் 7 காய் இருக்க வேண்டும். எட்டோ ஆறோ இருந்தால் எங்கோ ஒரு காய் கூடுதலாகவோ குறைவாகவோ விழுந்திருக்கிறது. சில வீடுகளில் எதிர்க்குழியையும் சேர்த்து எடுப்பார்கள். அந்த விதிப்படி 9-ஆம் குழியின் 7-உம் சேர்ந்து 14 கிடைக்கும்.

குழந்தைகள் தவறும் இடமும் இதுதான். ஒரு குழிக்கு ஒரு காய் என்பது நான்கு, ஐந்து வயதில் கைக்கு எளிதில் படியாது. ஒரே குழியில் இரண்டு விழும், ஒரு குழி தாண்டிப்போகும். பெரியவர் ஒவ்வொரு தடவையும் "இல்ல கண்ணா, இங்க" என்று கையைப் பிடித்துத் திருத்தினால் இரண்டாம் நாளே பலகை வேண்டாம் என்று சொல்லிவிடும். மாறாக, முதல் வாரம் பக்கத்துக்கு ஐந்து குழி, குழிக்கு மூன்று காய் என்று சுருக்குங்கள். மற்ற நான்கு குழிகளின் மேல் ஒரு துண்டுச் சீட்டை வைத்து மூடிவிடலாம். பசு விதியும் வேண்டாம். அள்ளிய காயைக் குழந்தை வாய்விட்டு எண்ணட்டும், போடும்போதும் எண்ணட்டும். இரண்டு எண்ணும் ஒத்துவரும் நாளில் முழுப் பலகைக்குப் போகலாம்.

வேலைப்பங்கீடுதான் இருபது நிமிடத்தைக் காப்பாற்றுகிறது. நீங்கள் கை கால் கழுவிவிட்டு வருவதற்குள் குழந்தை பலகையை விரித்து, குழிக்கு ஐந்தாக எண்ணிப் போட்டிருக்க வேண்டும். அடுக்குவதும் விளையாட்டில் பாதி. கடைசியில் எண்ணி மூடுவதும் அதன் வேலை: பத்துப் பத்தாக ஏழு குவியல். ஒரு சுற்று கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பெற்றோர் இருவரும் அடுப்படியில் மாட்டிக்கொண்ட நாளுக்கு, ஒருவரே ஆடும் சீதைப் பாண்டியைப் பாட்டிமாரிடம் கேட்டுக் கற்றுவைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன்னால், குழந்தைக்குப் பிடிக்கிறதா என்று பார்க்கக் காசே வேண்டாம். தரையில் சாக்பீஸால் 14 வட்டம் போட்டாலே போதும்.

தாயம்: ஞாயிற்றுக்கிழமைக்கு

தாயம் அருமையான ஆட்டம், ஆனால் வார நாளுக்கு ஒத்துவராது. நான்கு பேர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தைச் சாதாரணமாக விழுங்கும். சின்னக் குழந்தை பாதியில் எழுந்துபோவதற்குக் காரணம் தொடக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு தாயக்கட்டையிலும் வெறுமை, 1, 2, 3 என நான்கு முகம். 16 சேர்க்கையில் தாயம், அதாவது ஒன்று, விழுவது இரண்டில் மட்டும். எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. மற்றவர்கள் சுற்றிவரும்போது தன் காய் இறங்காமல் ஆறு வயதுப் பிள்ளை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்? தாயம் அல்லது ஐந்து விழுந்தால் இறங்கலாம் என்று மாற்றினால் வாய்ப்பு நான்கில் ஒன்றாகிவிடும். ஆளுக்கு ஆறு காய்க்குப் பதில் இரண்டு காய் வைத்தால் ஆட்டமும் அரை மணி நேரத்துக்குள் அடங்கும்.

கட்டை வாங்கும்போது பித்தளையா என்பதைவிட ஒழுங்காக உருள்கிறதா என்பது முக்கியம். ஒரு கட்டையை 40 தடவை உருட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முகமும் பத்துத் தடவை பக்கம் விழ வேண்டும். ஒரே முகம் இருபதைத் தாண்டினால் அந்தக் கட்டை கோணல். விளிம்பு கூர்மையாக இருந்தால் உள்ளங்கையில் வைத்து உருட்டும்போது குழந்தைக்கு வலிக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் டைல்ஸ்மேல் பித்தளை விழும் சத்தம் கீழ்வீடுவரை கேட்கும். பாயோ ஜமுக்காளமோ விரித்துவிட்டு ஆடுங்கள். பலகைக்குச் செலவு செய்யாதீர்கள், ஐந்துக்கு ஐந்து கட்டம் தரையிலேயே வரைந்துகொள்ளலாம்.

ஆடுபுலி: நிறுத்தி நிறுத்தி ஆட

சமையலும் ஆட்டமும் ஒன்றாக நடக்க வேண்டிய வீட்டுக்கு இதைவிட நல்லது கிடையாது. முறைக்கு ஒரே ஒரு நகர்த்தல். நீங்கள் நகர்த்திவிட்டு வெங்காயம் நறுக்கப் போகலாம். குழந்தை யோசித்து நகர்த்திவிட்டுக் கூப்பிடும். முடியாவிட்டால் பலகையை அப்படியே அலமாரிமேல் வைத்துவிட்டு நாளைக்குத் தொடரலாம். இதற்காகவே அச்சிட்ட துணியைவிட மரப் பலகையைச் சிபாரிசு செய்கிறோம். துணியைத் தூக்கினால் ஆட்டம் கலைந்துபோகும்.

வாங்கும்போது புள்ளியை எண்ணுங்கள். உச்சியில் 1, நடுவில் மூன்று கிடைக்கோட்டில் 6 வீதம் 18, அடியில் 4, ஆக 23. கோடு விட்டுப்போன அச்சுப் பலகைகள் விற்பனையில் இருக்கின்றன, அதில் ஆடினால் புலி அடைபடும் கணக்கே மாறிவிடும். காய் 3 புலி, 15 ஆடு. ஆடுகளை முறைக்கு ஒன்றாக இறக்க வேண்டும், பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. புலி நேர்கோட்டில் பக்கத்து ஆட்டைத் தாண்டி, அப்பால் வெறும் புள்ளி இருந்தால் வெட்டும். மூன்று புலியும் நகர இடமில்லாமல் போனால் ஆட்டுக்காரருக்கு வெற்றி.

முதல் மாதம் குழந்தை புலியை எடுக்கட்டும். வெட்டுவது சீக்கிரம் புரியும், ஆட்டை வைத்து அடைப்பது பிடிபட நாளாகும். ஏழெட்டு வயதில் ஆட்டுப் பக்கம் மாறச் சொல்லுங்கள். பின்னால் துணை இல்லாமல் ஓர் ஆட்டை முன்னால் தள்ளினால் போய்விடும் என்பதை இரண்டு மூன்று ஆடு பறிபோனதும் தானே கண்டுபிடிக்கும். அப்போது சொல்லிக்கொடுக்காமல் பொறுத்திருங்கள்.

மூன்று வயதுக்குள் என்ன?

இந்த வயதுக் குழந்தைக்கு, மேலே சொன்ன எதுவும் வேண்டாம். மரச் செப்புச் சாமான் போதும். அம்பாசமுத்திரத்துச் செப்பும், கர்நாடகத்தின் சென்னபட்டணத்துச் சாமானும் கிடைத்தால் வாங்குங்கள். சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். அரக்கு வெந்நீருக்கும் ஊறலுக்கும் தாங்காது. தண்ணீரில் போட்டு விளையாட விடாமல், ஈரத் துணியால் துடைத்து வையுங்கள். செட்டில் இருக்கும் குட்டிக் கரண்டி, மூடியின் குமிழ், அடுப்பின் கால் இவற்றை இழுத்துப் பாருங்கள். கழன்று வருவதையும், மேலே சொன்ன அளவுக்குள் அடங்குவதையும் எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பரப்பினால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். ஐந்து சாமானை ஒரு கூடையில் வைத்து, வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

மாதாமாதம் வீட்டுக்கு வரும் கைவேலைப் பெட்டிகளைப் பலர் கேட்கிறார்கள். வெட்டிவைத்த காகிதம், பசை, ஸ்டிக்கர் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். ஆனால் பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாக வேண்டும், ஒருமுறை ஒட்டியதும் தீர்ந்துபோகும். விடுமுறை நாளுக்குச் சரி. அந்தக் காசில் ஒரு நல்ல பல்லாங்குழி வாங்கினால் தினமும் ஆடலாம். ஐந்தாங்கல்லைப் பெட்டியில் போட்டு விற்பதற்குப் பணம் கொடுக்காதீர்கள். ஆற்றங்கரையிலோ கட்டட மணலிலோ பொறுக்கிய, விளிம்பு மழுங்கிய ஐந்து கல் அதைவிட நன்றாகக் கைக்குள் நிற்கும்.

கையில் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் இருந்தால் மடிப்பு மரப் பல்லாங்குழி ஒன்று, வீட்டுப் புளியங்கொட்டை 80, ஒரு சாக்பீஸ். வார நாளில் பல்லாங்குழி ஒரு சுற்று, அலமாரிமேல் ஓர் ஆடுபுலி, ஞாயிறு தாயம் என்று வைத்துக்கொண்டால் வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை. நேரில் பார்த்து வாங்கப் பூம்புகார் விற்பனை நிலையங்களும் கோயில் வாசல் மரச்சாமான் கடைகளும் நல்லவை. இணையத்தில் வாங்குவதானால் குழியின் அளவையும், விரித்து வைத்த படத்தையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். மூடிய படம் மட்டுமே போட்டிருந்தால் அதைத் தவிர்த்துவிடலாம். வந்த அன்றே கீல், பஞ்சு, ஈரத்துணி மூன்றையும் சோதித்துவிடுங்கள்; திருப்பி அனுப்பும் கெடு முடிந்தபின் உப்புத்தாளும் தீக்குச்சியும்தான் துணை.